தளை அறுந்த தசை

தசைச்சிதைவு என்ற சொல் நமக்குப் பழகிவிட்டது. அது நோயின் முடிவைச் சொல்கிறதேயன்றி, எது அறுந்ததால் தசை சிதைகிறது என்பதைச் சொல்வதில்லை. தசை உயிரணுவுக்குள் ஆக்டின் என்னும் புரத இழைகளாலான சட்டகம் உண்டு. சுற்றிலும் மெல்லிய சவ்வு. இரண்டையும் பிணைப்பது டிஸ்ட்ரோஃபின். அதன் ஒரு முனை ஆக்டினைப் பற்றும். மறுமுனை சவ்வில் பதிந்த புரதக் கூட்டத்தைப் பற்றும். தசை சுருங்கும்தோறும் சவ்வின்மேல் விழும் இழுவிசையைத் தாங்குவது இப்பிணைப்பே. இஃதில்லையேல் சவ்வு கிழிகிறது, கால்சியம் உட்புகுகிறது, தசை மடிந்து அவ்விடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்புகின்றன. டுஷேன் தசைச்சிதைவு இதுதான். பருத்த கெண்டைக்காலைப் பார்த்துப் 'பையன் நல்ல திடம்' என்று பாட்டிமார் மெச்சும் வயதிலேயே, அவன் தரையிலிருந்து எழத் தொடையில் கையூன்றத் தொடங்கியிருப்பான்.

இப்புரதத்தை 1987இல் அமெரிக்காவில் லூயி குங்கெலின் குழுவினர் கண்டறிந்தனர். அதன் மரபணு மிகப் பெரியது: 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள், புரதத்துக்கான செய்தி 79 துண்டுகளில். அச்செய்தி மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. யாப்பு கற்பிப்பவனுக்கு இது எளிதில் விளங்கும். எழுத்துகள் மூன்றின் மடங்காக உதிர்ந்தால் பாட்டு குறைபடும், சீர் கெடாது. பெக்கர் என்னும் மென்வடிவம் பெரும்பாலும் அப்படி வருவது. ஒன்றோ இரண்டோ உதிர்ந்தால் அதற்குப் பின்னுள்ள சீரெல்லாம் குலையும்.

என் மனக்குறை வேறு. கொங்குநாட்டில் இந்நோய் கண்ட வீட்டில் எழும் பேச்சு, "சொந்தத்துக்குள்ள கட்டுனா இப்படித்தானுங்" என்பது. பிறகு பழி தாயின்மேல். உறவுமணத்தால் கூடும் நோய்கள் பல உண்டு, மறுக்கவில்லை. இது அவற்றில் ஒன்றன்று. இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகன் அதைத் தாயிடமிருந்தே பெறுகிறான். தகப்பன் தாய்மாமனா அந்நியனா என்பதற்கு இங்கே வேலையில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேர்வுகளில் தாயிடமும் அப்பிழை இராது, புதிதாக நேர்ந்தது. இருந்தாலுந்தான் என்ன, எந்தக் குரோமோசோமை மகனுக்கு அனுப்புவதென்று தேர்ந்தெடுத்த தாய் எவள்?

கோவையிலேயே எம்.டி.சி.ஆர்.சி. என்னும் மையம் இந்நோய்க்கான மரபணுச் சோதனையையும் ஆலோசனையையும் நடத்திவந்திருக்கிறது. சோதித்தால் தாய்க்கும் அவள் சகோதரிகளுக்கும் உண்மை தெரியும். ஆனால் வீடு திரும்பியபின் மாமியாரிடம் எடுத்துக்காட்ட அவளுக்குத் தமிழில் என்ன எழுதிவைத்திருக்கிறோம்? டிஸ்ட்ரோஃபினுக்குத் தூய தமிழ்ப்பெயர் தேடி நாம் சண்டையிட வேண்டாம். பெயர் அப்படியே இருக்கட்டும். ஒரு செய்யுளுக்குப் பத்து உரை காணும் தமிழ்த்துறைகள், மருத்துவரை அருகில் வைத்துக்கொண்டு நான்கு பக்க உரை ஒன்றை இதற்கு எழுதலாம்.