அடைப்புக்குறிக்குள் லின்னேயஸ்
விலங்கியல் கட்டுரைகளில் புலி வரும்போதெல்லாம் ‘பாந்தெரா டைகிரிஸ் (லின்னேயஸ், 1758)’ என்ற அந்த அடைப்புக்குறியில்தான் என் கண் போய் நிற்கும். அதே லின்னேயஸ் அதே ஆண்டில் பெயரிட்ட மயிலோ வெறுமனே ‘பாவோ கிரிஸ்டாட்டஸ் லின்னேயஸ், 1758’. ஏன் இந்த ஓரவஞ்சனை? லின்னேயஸ் புலியைப் பூனையோடு ஃபெலிஸ் பேரினத்தில் வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பாந்தெராவுக்கு மாற்றினார்கள். சிற்றினத்துக்குப் பெயரிட்டவர் இவர்தான், ஆனால் இவர் வைத்த பேரினத்தில் அது இப்போது இல்லை என்ற வரலாறு முழுவதையும் இரண்டு வளைகோடுகள் சொல்லிவிடுகின்றன. மயில் வைத்த இடத்திலேயே இருக்கிறது, அதனால் அதற்குக் குறி தேவைப்படவில்லை. இடம் மாற்றியவர் யார் என்று எழுதும்படி விலங்கியல் விதி வற்புறுத்துவதில்லை. தாவரவியலில் அது கட்டாயம்: வில்வத்தின் பெயரில் அடைப்புக்குள் லின்னேயஸ், வெளியே கொரேயா. பழையவரையும் புதியவரையும் சேர்த்தே மதிக்கும் இந்த முறைதான் எனக்குப் பிடித்தது. ஆனால் நம் மாணவர்களின் ஆய்வேடுகளைப் புரட்டினால், பட்டியல் ஒரே சீராகத் தெரியட்டும் என்று எல்லாப் பெயர்களுக்கும் அடைப்பு போட்டிருப்பார்கள், அல்லது எல்லாவற்றிலும் எடுத்திருப்பார்கள். அடைப்பு போட்ட மயில் ஒரு தவறான தகவல். அது பேரினம் மாறிய பறவை என்று பொய் சொல்கிறது. ஆய்வேட்டில் கையெழுத்திடும் நெறியாளர்களே, அடுத்த முறை அந்தப் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.