அந்த 10 ரன்னுக்குக் கையெழுத்து போட்டது யார்?

2023 ஐபிஎல் ஃபைனல். குஜராத் 20 ஓவரில் 214. சென்னை ஆட வந்து மூணே பந்து ஆச்சு, மழை கொட்டிடுச்சு. நள்ளிரவு தாண்டி ஆட்டம் மறுபடி ஆரம்பிச்சப்போ 15 ஓவரில் 171 அடிக்கணும்னு சொன்னாங்க. கடைசி ரெண்டு பந்தில் 10 ரன் தேவை. ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. 214-ஐ 20-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்க. 160.5 வரும். ரன்ரேட்டை மட்டும் பார்த்திருந்தா இலக்கு 161தான். அந்த கடைசி ரெண்டு பந்துக்கு முன்னாடியே சென்னை சரியா 161-ல நின்னுச்சு! அந்த சிக்ஸும் ஃபோரும் நமக்குக் கிடைக்கக் காரணம், இலக்கில் கூடுதலா சேர்ந்த 10 ரன். அதைச் சேர்த்தது டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறை.

மழை வந்து மேட்ச் குழம்பினா போதும், "இதுக்கு ஏன்டா இப்படி வாயில நுழையாத பேரு, சிம்பிளா மழை விதின்னு வைக்கலாமே"ன்னு ஹாஸ்டல் டிவி முன்னாடி யாராவது கேட்பாங்க. நியாயமான கேள்விதான். பேரைக் கேட்டா அது என்ன செய்யுதுன்னு புரியணும். மூணு வெள்ளைக்காரங்க பேரைச் சொன்னா என்ன புரியும்? டக்வொர்த் லூயிஸ்னு ஒரே ஆள் இருந்ததா நம்புறவங்க நம்ம பேட்ச்லயே இருக்காங்க. (அவங்க ரெண்டு பேர். அதில் டோனி லூயிஸ், 1972-73ல் இந்தியாவுக்கு டீமோட வந்த இங்கிலாந்து கேப்டன் டோனி லூயிஸ் இல்லை. இவர் வேற, இவர் வாத்தியார்.)

ஆனாலும் ஆள் பேர்தான் இருக்கணும்ங்கிறது என் கட்சி. செய்யும் வேலையைச் சொல்லும் பேரை கிரிக்கெட் ஏற்கெனவே ஒருமுறை வெச்சுப் பார்த்திருக்கு. 'மோஸ்ட் புரொடக்டிவ் ஓவர்ஸ்'. கேட்கவே அழகா இருக்குல்ல? மழையால் ஓவர் குறைஞ்சா, முதலில் ஆடின டீம் குறைவா ரன் எடுத்த ஓவர்களைக் கழிச்சுட்டு, அதிகம் எடுத்த ஓவர்களை வெச்சு இலக்கு போடுவாங்க. 1992 உலகக்கோப்பை அரையிறுதி, சிட்னி. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் வேணும். பன்னிரண்டு நிமிஷ மழை. ரெண்டு ஓவர் போச்சு, இலக்கில் குறைஞ்சது ஒரே ஒரு ரன். ஸ்கோர்போர்டு '1 பந்தில் 22'னு காட்டுச்சு. சரியான கணக்கு 21. தென்னாப்பிரிக்கா ரொம்ப நல்லா பந்து போட்ட ஓவர்களே அவங்களுக்கு எதிரா திரும்பினதுதான் கொடுமை. அந்த விதியின் பேரில் ஆள் பேர் எதுவும் கிடையாது. பார்த்தவங்க மழையைத் திட்டிட்டுப் போனாங்க. மழை என்ன பண்ணும் பாவம்? அது விதி செஞ்ச வேலை, விதியை எழுதினது மனுஷங்க.

அதே 1992-ல் ஃபிராங்க் டக்வொர்த்ங்கிற புள்ளியியல்காரர் இதுக்கு ஒரு வழி இருக்குன்னு ஒரு கட்டுரை வாசிச்சார். லூயிஸ் அவரோட சேர்ந்தார். ஓவர் மட்டும் இல்ல, கையில் இருக்கும் விக்கெட்டும் சொத்துதான்னு ரெண்டையும் சேர்த்து ஒரே அளவாக்கினதுதான் அவங்க ஐடியா. நம்ம ஆர்சி சர்க்யூட்டில் கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் வளைவு ஞாபகம் இருக்கா? மீதி ஓவர் கூடக்கூட எதிர்பார்க்கும் ரன் முதலில் சரசரன்னு ஏறி, அப்புறம் மெதுவாகி ஓரிடத்தில் படியும். எத்தனை விக்கெட் போயிருக்குங்கிறதைப் பொறுத்து வளைவு மாறும். சென்னைக்கு ஓவர் 15 ஆச்சு, ஆனா விக்கெட் பத்தும் அப்படியே இருந்துச்சு. தைரியமா வீசலாம். அதான் அந்த 10 ரன்.

1997 ஜனவரி 1, ஹராரேயில் ஜிம்பாப்வே-இங்கிலாந்து மேட்ச்சில் முதல்முறையா இது அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து இவங்க ரெண்டு பேரும் வாங்காத திட்டு இல்லை. 2003 உலகக்கோப்பையில் டர்பன் மேட்ச் இன்னும் அநியாயம். இலங்கைக்கு எதிரா 229 எடுத்தா டை, 230 எடுத்தா வெற்றி. 229 வந்ததும் ஜெயிச்சாச்சுன்னு நினைச்சு பவுச்சர் கடைசி பந்தைத் தட்டி வெச்சார். தென்னாப்பிரிக்கா வெளியே. ஷீட்டைத் தப்பா படிச்சது அவங்க, கெட்ட பேர் இவங்களுக்கு. 2010 டி20 உலகக்கோப்பையில் இங்கிலாந்து 191 அடிச்சும் வெஸ்ட் இண்டீஸுக்கு 6 ஓவரில் 60 போதும்னு வந்தப்போ, கேப்டன் காலிங்வுட் கொதிச்சதில் நியாயம் இருந்துச்சு. கேள்வி கேட்க ஆள் இருந்தாங்க. முறையும் சும்மா இருக்கல, திருத்தப்பட்டுக்கிட்டே வந்துச்சு. பேர் இருந்ததால மட்டும்தான் திருத்தினாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா பேர் போட்டவன் தூங்க மாட்டான்.

2014-ல் ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்டெர்ன் பேரையும் சேர்த்தப்போ, "இனி திருத்துற ஒவ்வொருத்தர் பேரும் வருமா, ரயில் பெட்டி மாதிரி?"ன்னு கேலி. வரட்டுமே. நியூட்டன்-ராஃப்சன்னு எழுதி நாம மார்க் வாங்கலையா? இந்தக் காலத்து அடிதடி ஸ்கோருக்கு ஏத்த மாதிரி கணக்கை மாத்தினவர் அவர். இப்போ வர்ற இலக்குக்கு அவரும் பொறுப்பு. 2020-ல் லூயிஸும் 2024-ல் டக்வொர்த்தும் இறந்துட்டாங்க. கேட்டா பதில் சொல்ல ஒருத்தர் வேணும்ல?

எனக்குப் பிடிக்காதது சுருக்கம்தான். டிஎல்எஸ்னு மூணு எழுத்தா ஆனதும் மனுஷங்க மறைஞ்சு ஏதோ மெஷின் பேர் மாதிரி ஆயிடுது. நம்ம பக்கத்துலயே இது நடக்குது. டிஎன்பிஎல் மேட்ச் மழையில் மாட்டினா ஸ்கோர்கார்டில் 'விஜேடி முறை'ன்னு பார்த்திருப்பீங்க. அது வி. ஜெயதேவன். திருச்சூர்க்காரர், சிவில் இன்ஜினியர். வேலைக்கு நடுவில் டக்வொர்த்-லூயிஸ் வளைவில் குறை கண்டுபிடிச்சு, தனியா ஒரு முறையே உருவாக்கினவர். அந்த முறையில் ஆட்டம் சாதாரணமா நகரும் வேகத்துக்கு ஒரு வளைவு, ஓவர் குறைஞ்ச பிறகு துரத்துற வேகத்துக்கு இன்னொண்ணு. ஐசிசி அதை எடுத்துக்கல. எது சரிங்கிறது தனிச் சண்டை, அதுக்கு இன்னொரு இதழ் வேணும்.

நம்ம டிபார்ட்மென்ட்ல பத்து பேரைக் கேட்டுப் பாருங்க, விஜேடி ஒரு ஆள்னு எத்தனை பேருக்குத் தெரியும்னு. பக்கத்து மாநில சிவில் இன்ஜினியர் போட்ட கணக்கில் நம்ம லீக் ஓடுது, நமக்கு அது மூணு எழுத்து. அடுத்த மழைக்கு டிஎன்பிஎல் ஸ்கோர்போர்டில் 'ஜெயதேவன் முறை'ன்னு முழுசா போடட்டும். இடம் பத்தலைன்னா ஸ்பான்சர் பேரைக் கொஞ்சம் சுருக்கிக்கலாம்.