எங்கள் தொட்டிக்குக் கணக்கு இருக்கிறது

சேலையூரில் 14 வீடுகள் கொண்ட ஒரு பழைய அடுக்ககத்துக்கு நான் பொருளாளர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், "அக்காவே பார்த்துக்கட்டும்" என்று நோட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். லிஃப்ட் பராமரிப்பு, வாட்ச்மேன் சம்பளம், பொது மின்கட்டணம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பாதிப் பக்கங்களைத் தண்ணீரே தின்றுவிடுகிறது. போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் என்று மூன்று பத்திகள். குடிக்கிற கேன் அவரவர் செலவு, என் நோட்டுக்குள் வராது. கோடை வந்தால் லாரிக்காரருக்குப் போன் போட வேண்டும். 12,000 லிட்டர் என்று சொல்லி வந்த வண்டி நிஜமாகவே நிறைந்திருக்கிறதா என்று ஆளை மேலே ஏற்றிப் பார்க்க வேண்டும். சம்ப்புக்குள் கம்பை விட்டு, கொட்டுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை குறிக்காமல் விட்டால் அடுத்த கூட்டத்தில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அதுவும் நியாயம்தான், அவர்கள் பணம்.

14 வீட்டுக்கே இத்தனை கணக்கு என்றால் ஊருக்கு? மழைக்காலத்தில் நாளிதழைப் பிரித்தால் ஏரி நிலவரம் இருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய்கண்டிகை, வீராணம். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பது எங்கள் மாடிவீட்டுப் பள்ளிக்கூடப் பையனுக்குக்கூட மனப்பாடம். தெருமுனை மேல்நிலைத் தொட்டி எத்தனை லட்சம் லிட்டர் பிடிக்கும், இன்று அதில் எவ்வளவு ஏற்றினார்கள், எந்தத் தெரு வால்வை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று அவனிடம் கேட்டால் விழிப்பான். நானும்தான் விழிப்பேன். தொட்டியடியில் நின்று விசாரித்தால் அங்கே அதைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

எனவே நான் கேட்பது சின்ன விஷயம். எங்கள் தாம்பரம் மாநகராட்சியின் ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்கும் தினக்கணக்கு எழுதி, அதன் அடியிலேயே பொதுமக்கள் பார்க்க வைக்க வேண்டும். வந்த தண்ணீர், விட்ட தண்ணீர், தெருவின் பெயர், திறந்த நேரம், மூடிய நேரம், குளோரின் அளவு. அவ்வளவுதான்.

இது ஏன் இங்கே அவசரம் என்று கேட்பவர்கள் எங்கள் ஊர் உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். சென்னைக்கு 1872-இல் புழலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள், 1914-இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது. அதெல்லாம் வடக்கே. தெற்கில் நாங்கள் ஏரியும் கிணறுமாகவே இருந்தோம். வீடு பெருகியபோது ஒவ்வொரு பேரூராட்சியும் நகராட்சியும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டது. ஒரு பக்கம் பாலாற்று மணலில் தோண்டிய கிணறுகள், இன்னொரு பக்கம் மாடம்பாக்கம் ஏரிக்குள் கிணறுகள், மற்ற இடங்களில் போர். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். மண்ணுக்குள் கிடக்கும் பத்து ஊர்க் குழாய்களும், எந்த வால்வை எத்தனை திருகு திருகினால் எந்தச் சந்துக்குத் தண்ணீர் ஏறும் என்ற அறிவும் அப்படி ஒன்றாகிவிடாது. அந்த அறிவு இன்னும் தண்ணீர் திறந்துவிடுகிறவர்களின் கையில்தான் இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெற்றால் அதுவும் போய்விடும்.

நிலத்தடி நீரை நம்பியும் காலம் தள்ள முடியாது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை சார்னோகைட். உலகுக்கே அந்த வகைப் பாறையை அறிமுகப்படுத்திய ஊர் இது, பெருமைதான். ஆனால் கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் தங்காது. மேலே சிதைந்த மண்ணிலும் பாறை வெடிப்பிலும் நிற்பதுதான் எல்லாம். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடலோர மணல் மழையை உறிஞ்சி வைப்பதைப்போல இங்கே நடக்காது. எங்கள் பக்கத்து மனையில் போர் போட்டபோது மூன்று நாள் பாறைத்தூள்தான் பறந்தது. பாறைக்கு மேலே நீரை நிறுத்தி வைத்தவை ஏரிகள்தான். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்று நிறைந்து அடுத்ததற்குப் போய், பள்ளிக்கரணையில் முடியும். அந்த வாய்க்கால்களில் பாதி இப்போது தெருக்கள், மீதியில் சாக்கடை ஓடுகிறது.

பற்றாக்குறை என்றதும் ஆள்பவர்கள் புதிய இடத்தைத் தேடுகிறார்கள். 2019-இல் ஏரிகள் வறண்டபோது சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்தார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ரயிலில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. (ரயிலால் வளர்ந்த தாம்பரத்துக்கு அந்த ரயில் வரவில்லை.) இப்போது பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். செலவு 4,276 கோடி ரூபாய். பயன்பெறும் பட்டியலில் தாம்பரமும் இருக்கிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடலைக் கொண்டுவந்து ஊற்றினாலும் கடைசியில் அது இந்தத் தொட்டிகளில் ஏறி இந்தக் குழாய்களில்தான் இறங்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படியே இந்தப் பத்து ஊர்களில் ஏழு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஆளுக்கு 135 லிட்டர் என்ற மத்திய அரசின் அளவுகோலை வைத்தால், அன்றைக்கே தினம் ஒன்பது கோடி லிட்டருக்கு மேல் தேவை. அதில் எவ்வளவு கிளம்புகிறது, எவ்வளவு வழியில் கசிகிறது, எந்தத் தெருவில் நேரடியாகக் குழாயில் மோட்டார் மாட்டி இழுக்கிறார்கள்? தொட்டிக்குத் தொட்டி எழுதிக் கூட்டாமல் இதை யாராலும் சொல்ல முடியாது.

குளோரின் அளவையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊரில், வால்வை மூடியதும் குழாய் காலியாகிறது. பக்கத்தில் சாக்கடை ஓடினால், தளர்ந்த இணைப்பு வழியாக அந்த நீர் உள்ளே இறங்கிக் காத்திருக்கும். 2024 டிசம்பரில் பல்லாவரத்தை ஒட்டிய பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைக்குப் போனார்கள். மூவர் இறந்தார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்தது என்றார்கள் மக்கள், குடிநீர் காரணமல்ல என்றார் அமைச்சர். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. முந்தின நாள்களில் எந்தத் தொட்டியிலிருந்து எப்போது திறந்தார்கள், குழாய்முனையில் குளோரின் எவ்வளவு இருந்தது என்று தொட்டியடியில் எழுதியிருந்தால் அந்த வாக்குவாதமே வேறு மாதிரி போயிருக்கும்.

ஒடிசாவின் பூரியில் 2021 முதல் 24 மணி நேரமும் குழாயிலேயே குடிக்கத் தகுந்த நீர் வருகிறது. நாமும் அப்படி ஆக வேண்டும் என்று மேடையில் பேசுவது சுலபம். இருக்கிற நீரை எழுதிவைக்காத ஊர் எங்கிருந்து தொடங்கும்?

கணக்கை வெளியே வைத்தால் தெருவுக்குத் தெரு சண்டை வரும் என்று ஒரு பொறியாளர் நண்பர் எச்சரித்தார். 'அவர்களுக்கு 40 நிமிடம், எங்களுக்கு 20 நிமிடமா' என்று கேட்பார்களாம். கேட்கட்டுமே. இப்போதும் சண்டை நடக்கிறது, ஆதாரமில்லாமல். அதன் அடி விழுவதும் வால்வைத் திருப்புகிற கடைநிலை ஊழியர் மீதுதான். எழுத்தில் முறை இருந்தால், கவுன்சிலர் வீட்டிலிருந்து போன் வந்தாலும் பலகையைக் காட்டி மறுக்க அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. 2022-இல் முதல்வர் மு.க. ஸ்டாலினே எங்கள் மாநகராட்சியின் பம்மலில் அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டார். எங்கள் வார்டின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டுவர எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். பலகையும் சாக்கட்டியும் வாங்கக் காசில்லை என்று யாராவது சொன்னால், அதை எங்கள் அடுக்ககக் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறேன்.