துவைப்பது யார்?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்துக்குத் துணிப்பையுடன் வரும் பக்தர்களுக்குக் குலுக்கல் முறையில் தங்க, வெள்ளி நாணயங்கள் வழங்கப்படும் என மாவட்ட நிர்வாகம் அறிவித்ததும் உண்டு. ஆயினும், பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைக் கடந்து செல்பவர்களுக்கு, 14 கி.மீ. கிரிவலப் பாதையில் என்னவெல்லாம் மிஞ்சிக் கிடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பாதையில் கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் விவாதமும் பையோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் நடந்துள்ள மாற்றம் இதைவிடப் பெரியது. சமையலறையில் கரித்துணியின் இடத்தைக் காகிதச் சுருள் பிடித்துக்கொண்டது. கைக்குழந்தைக்கு டயப்பர், பெண்களுக்கு நாப்கின், மேசை துடைக்க ஈரத்தாள் என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இவற்றில் பலவற்றுக்குள் நெகிழி ஒளிந்திருக்கிறது. பைக்கான தடை இவற்றைத் தொடுவதே இல்லை.

அந்தக் காலத்து வீடுகள் சுற்றுச்சூழலை நினைத்துத் துணியைப் பயன்படுத்தவில்லை. வீட்டில் பழைய பருத்தித் துணி எப்போதும் இருந்தது, அவ்வளவுதான். நைந்த சேலை தூளியாகும். தூளி கிழிந்தால் குழந்தைக்கு விரிக்கும் துணியாகும். பிறகு கரித்துணி, கடைசியில் தரை துடைக்கும் துணி. இன்று அலமாரியில் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தவை. அவை எத்தனை பழையதானாலும் தண்ணீரை உறிஞ்சா. 'பாட்டி காலத்துக்குத் திரும்புவோம்' என்று அறிவுரை சொல்பவர்கள், பாட்டியின் நூல் சேலை இன்று வீட்டில் இல்லை என்பதைக் கவனிப்பதில்லை. இட்லித் துணிக்கே கடையில் மல் துணி வாங்கவேண்டிய நிலை!

ரமணர் தம் தொடக்க ஆண்டுகளில், கிழிந்த கோவணத்தை முள்ளையே ஊசியாக்கி, அதே துணியிலிருந்து உருவிய நூலால் தைத்துக்கொண்டதாக அவரது வரலாறு கூறுகிறது. துறவியின் எளிமையாகவே இது சொல்லப்படுகிறது. ஆனால், துணி அரிய பொருளாக இருந்த காலத்தில் ஏழைக் குடும்பங்கள் பலவற்றிலும் இதுவே நடைமுறை. இன்று அதே ஆசிரமத்தின் சுற்றுவட்டாரத்துக்கு வருபவர்கள் துணிப்பையை நினைவுப் பொருளாக வாங்கிச் செல்கிறார்கள். அது அலமாரியில் தூங்கினால் நன்மை ஏதுமில்லை, தீமை உண்டு. பருத்தி விளைய நீரும் உரமும் பூச்சிமருந்தும் வேண்டும். பருத்திப் பை நெகிழிப் பையைவிடப் புவி வெப்பமாதல் நோக்கில் மேலானதாக வேண்டுமெனில் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் கணக்கிட்டது. டென்மார்க் அரசின் 2018 ஆய்வு அந்த எண்ணிக்கையை 52 என்றது. ஆனால், எல்லாச் சூழல் அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை! அந்நாடுகள் குப்பையை முறையாகச் சேகரித்து அகற்றுபவை. மாட்டின் வயிற்றிலும் ஏரியின் மதகிலும் பை சிக்கும் நம் ஊருக்கு அக்கணக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும், துணியின் பயன் அதை எத்தனை முறை துவைத்து எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது என்பது இங்கும் உண்மையே. குலுக்கல் நாணயம் பை கையில் இருந்ததற்குத்தானே தவிர, அது பத்தாவது முறையாக வந்ததற்கு அல்ல.

துவைப்பது யார் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. டயப்பரை நிறுத்திவிட்டுத் துணிக்கு மாறும் வீட்டில் நாளொன்றுக்குப் பத்துத் துணியாவது சேரும். அது பெரும்பாலும் தாயின் தலையில், அல்லது பாட்டியின் தலையில்தான் விழும். சொந்த வீடும் மொட்டைமாடியும் கிணறும் உள்ள குடும்பத்துக்கு இது ஒரு பழக்கம். ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்து, குடத்தில் தண்ணீர் பிடித்து, வேலைக்கும் போகும் பெண்ணுக்கு இது தண்டனை. அவள் டயப்பர் வாங்குவதைச் சோம்பல் என்பது அறியாமை.

மாதவிடாய்த் துணி இன்னும் சிக்கலானது. தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) துணியைச் சுகாதாரமான முறைகளுள் சேர்ப்பதில்லை. காரணம் இருக்கிறது. பெண்கள் அத்துணியை வெயிலில் காயப்போடக் கூச்சப்பட்டு, கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் ஈரத்தோடு உலர்த்தினார்கள். அதில்தான் நோய்த்தொற்றுக்கு வழி. பழுது துணியில் இல்லை, அதை ஒளித்துவைக்கச் சொன்ன வழக்கத்தில் இருக்கிறது. ஆரோவில்லைச் சேர்ந்த 'ஈகோஃபெம்' போன்ற அமைப்புகள் துவைத்துப் பயன்படுத்தும் பருத்திப் பட்டைகளைத் தயாரித்துப் பள்ளி மாணவியரிடமும் கொண்டுசெல்கின்றன. அவற்றையும் வெயிலில்தான் உலர்த்த வேண்டும். ஆகவே, தமிழக அரசு வளரிளம் பெண்களுக்கு வழங்கும் விலையில்லா நாப்கினை நிறுத்திவிட்டுத் துணியைத் தரச் சொல்வது தவறு. விரும்புபவர்களுக்கு இரண்டாவது தெரிவாகத் துணிப் பட்டையையும் தரலாம். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரும் என்ற உறுதியோடு. பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் தனியே சுற்றித் தர வேண்டும் என்பது திடக்கழிவு மேலாண்மை விதி. பெரும்பாலான வீடுகள் அதைப் பின்பற்றாததால், அவற்றை வெறுங்கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். துணி மறுக்கப்படும் இடத்தில் அதன் விலையை அவர் கொடுக்கிறார்.

துணிப்பை என்றாலே தையல் பயிற்சி, மகளிர் சுயஉதவிக் குழு என்று திட்டம் தீட்டப்படுகிறது. துவைப்பது ஊதியத்துக்குரிய வேலை என்பது விவாதத்துக்குக்கூட வருவதில்லை. ரமணாசிரமப் பகுதியில் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் நிறைந்துள்ளன. விரிப்பும் துண்டும் அன்றாடம் சலவைக்குப் போகும் இடங்கள் அவை. அங்கே காகிதக் கைக்குட்டைக்குப் பதிலாகத் துணி வைக்கப் புதிய ஏற்பாடு ஏதும் தேவையில்லை. சலவைக் கூலி சற்றுக் கூடும், அதை வாடிக்கையாளரிடம் வாங்கலாம். அச்சலவை நிலையங்களுக்கு மாநகராட்சி தண்ணீர் இணைப்பும் உலர்த்தும் இடமும் தந்தால், அருகிலுள்ள வீடுகளின் குழந்தைத் துணிகளையும் மாதக் கட்டணத்துக்கு அவர்கள் எடுத்துக்கொள்ள முடியும். அடுத்த தீபத்துக்கு ஒதுக்கும் பரிசுத் தொகையில் ஒரு பகுதியை இதற்குச் செலவிட்டுப் பார்க்கலாம்.