ஷாம்பு தலைக்கு! உறை தெருவுக்கா?

பெட்டிக் கடையில் சரம் சரமாகத் தொங்குகிறதே, ஷாம்பு பாக்கெட்! அதைக் கிழித்துத் தலையில் தேய்ப்பது ஒரு நிமிட வேலை. கிழித்த உறை எங்கே போகிறது?

சாக்கடைக்குப் போகிறது. ஆற்றங்கரையில் கிடக்கிறது. குளத்துப் படியில் ஒட்டிக்கொண்டு மின்னுகிறது.

பாக்கெட்டைத் திட்டுவது சுலபம். ஆனால் அது செய்த நன்மையை மறக்கக்கூடாது. ஒரு காலத்தில் ஷாம்பு பணக்கார வீட்டுப் பொருள். தினக்கூலி வாங்குகிறவர் பாட்டில் வாங்க முடியுமா? அன்றைய கூலியில் அன்றைய அரிசி, அன்றைய எண்ணெய். அவருக்கு வேண்டியது ஒரு வேளைக்கான பொருள்.

இதைப் புரிந்துகொண்டவர், கடலூர் சின்னி கிருஷ்ணன். பணக்காரர் வாங்குவதை ரிக்‌ஷாக்காரரும் வாங்கவேண்டும் என்று நினைத்தார். சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ம் ஆண்டில், 15 ஆயிரம் ரூபாய் முதலுடன் தனியாகத் தொழில் தொடங்கினார். அவர் கொண்டுவந்ததுதான் ‘சிக்’ ஷாம்பு. பிற்பாடு அது 50 காசுக்கும் கிடைத்தது. பெரிய பெரிய கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன!

ரங்கநாதன் இன்னொரு யுக்தியும் செய்தார். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால், புதுப் பாக்கெட் ஒன்று இலவசம்! எந்தக் கம்பெனி உறையானாலும் சரி! ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். விற்பனை கிடுகிடுவென்று ஏறியது.

வியாபாரத்துக்காக அன்று திரும்பி வந்த உறை, ஊர்ச் சுத்தத்துக்காக இன்று ஏன் வரக்கூடாது?

பழைய இரும்புக்கு, பாட்டிலுக்கு, அட்டைக்குக் காயலான் கடையில் காசு உண்டு. இந்த உறைக்கு இல்லை. பிளாஸ்டிக், அலுமினியம் என்று பல படலங்களை ஒட்டிச் செய்திருக்கிறார்கள். அவற்றைப் பிரித்தெடுப்பது லேசில் நடக்காது. எடையும் கிடையாது. ஒரு கிலோ பொறுக்குவதற்குள் முதுகு ஒடிந்துவிடும்!

சட்டம் இல்லாமல் இல்லை. விற்ற உறையைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2016-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. பூக்காரம்மா பை வைத்திருந்தால் அபராதம். பக்கத்துக் கடையில் ஷாம்புச் சரம் ஜம்மென்று தொங்குகிறது! இது என்ன நியாயம்?

பிலிப்பைன்ஸ் நாட்டிலும் பாக்கெட் வியாபாரம் அமோகம். அங்கே 2022-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பெரிய கம்பெனிகள் தங்கள் பிளாஸ்டிக் உறைகளில் 2023-ல் 20 சதவீதத்தைத் திரும்ப எடுக்கவேண்டும். ஆண்டுதோறும் இது கூடி, 2028-ல் 80 சதவீதம் ஆகவேண்டும்.

இங்கே கோலி சோடா பாட்டிலை யாராவது தெருவில் எறிந்தார்களா? பாட்டிலுக்குக் காசு இருந்தது. கடைக்கே திரும்பியது. ஷாம்பு உறைக்கும் அப்படி ஒரு விலை வைக்கவேண்டும். பத்து உறைக்கு ஒரு பாக்கெட் என்று வைத்தாலும் போதும். பிள்ளைகளே பொறுக்கிவிடுவார்கள்!

செலவு யாருடையது? கம்பெனியுடையதுதான். ஏழையின் சில்லறையைச் சேர்த்தே வளர்ந்த வியாபாரம் அல்லவா? அதைப் பாக்கெட் விலையில் ஏற்றக்கூடாது. கடைக்காரருக்கும் ஏதாவது கமிஷன் தரவேண்டும். ஈரமும் பிசுபிசுப்புமாக வருகிற உறைகளை அவர் சும்மா வாங்கி வைப்பாரா?