கேம் பேட் ஒன்றை நீங்களே செய்து பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலரும் முதலில் தேடுவது கேம்களைத்தான். கொஞ்ச நாளில் அம்புக்குறி கீகளைத் தட்டித் தட்டி விரல் வலிக்கத் தொடங்கும். உடனே கடைக்குப் போய் ஒரு கேம் பேட் வாங்கி வருவோம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், ஒரு முறையாவது அதை உங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

"எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாதே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்ல. படித்தது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், பார்ப்பது சாப்ட்வேர் வேலை. சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்றுக்கொண்டதே இந்தப் பொழுதுபோக்கு தொற்றிக்கொண்ட பிறகுதான்.

உண்மையில் மிகப் பழைய கேம் கன்ட்ரோலர்களில் ஒன்று பிறந்ததும் இப்படித்தான். 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில், பி.டி.பி.-1 என்ற பெரிய கம்ப்யூட்டரில் ஸ்பேஸ்வார் என்ற விளையாட்டை எழுதினார்கள். விண்கலத்தைத் திருப்ப கம்ப்யூட்டரின் முன்பலகையில் இருந்த சுவிட்சுகளைத் தட்ட வேண்டியிருந்தது. முழங்கை வலித்தது. ஆலன் கோட்டக், பாப் சாண்டர்ஸ் என்ற இருவர், மாதிரி ரயில் ஓட்டும் மாணவர் கழகத்தில் கிடந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோல் பெட்டிகளைச் செய்துவிட்டார்கள். கடையில் கிடைக்காததால் செய்தார்கள், அவ்வளவுதான்.

இன்றைய கேம் பேடிலும் பட்டன் என்பது இரண்டு உலோக முனைகள் ஒட்டிப் பிரிவதுதான். அந்த முனைகள் அழகான பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றனவா, பழைய இனிப்பு டப்பாவுக்குள் இருக்கின்றனவா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

செலவில்லாமல் தொடங்க வேண்டுமா? பரணில் கிடக்கும் பழைய யு.எஸ்.பி. கீபோர்டை எடுங்கள். கம்ப்யூட்டரில் இணைக்காத நிலையில் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். உள்ளே கோடுகள் போட்ட பிளாஸ்டிக் தாள்களும், ஓரத்தில் ஒரு சிறிய சர்க்கியூட் போர்டும் இருக்கும். தாள்களைத் தொடும் முனைகள் அந்தப் போர்டில் வரிசையாக இருக்கும். இப்போது அந்தப் போர்டை மட்டும் கம்ப்யூட்டரில் இணைத்து நோட்பேடைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு துண்டு ஒயரால் இரண்டு இரண்டு முனைகளாகத் தொட்டுப் பாருங்கள். சரியான ஜோடி அகப்பட்டதும் திரையில் ஓர் எழுத்து விழும். எந்த ஜோடிக்கு எந்த எழுத்து என்று குறித்துக்கொண்டு, அங்கே ஒயர் வைத்து ஒரு பட்டனைப் பொருத்தினால் உங்கள் முதல் கன்ட்ரோலர் தயார். சில போர்டுகளில் முனைகளின் மேல் கரிப்பூச்சு இருக்கும். அதைச் சுரண்டிய பிறகுதான் ஈயம் பிடிக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. மூன்று நான்கு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் சில கீபோர்டுகள் குழம்பிவிடும். அடுத்த படிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஆர்டுயினோ லியோனார்டோ இருக்கிறது. 2012-ல் வந்த இந்தப் போர்டு, கம்ப்யூட்டரிடம் "நான் ஒரு கீபோர்டு" என்று தானே அறிமுகம் செய்துகொள்ளும். பெயரைக் கவனித்து வாங்குங்கள். அதிகம் விற்கும் ஊனோ ஆர்-3 போர்டால் இதை நேரடியாகச் செய்ய முடியாது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். பட்டனின் ஒரு ஒயரை போர்டின் பின் ஒன்றிலும், மறு ஒயரை கிரவுண்டிலும் இணைத்து, "இது அழுத்தப்பட்டால் இடது அம்புக்குறியை அனுப்பு" என்று சில வரிகளில் ப்ரோக்ராம் எழுதினால் போதும்.

இங்கே ஒரு வேடிக்கையைப் பார்ப்பீர்கள். ஒரு முறைதான் அழுத்தியிருப்பீர்கள், கம்ப்யூட்டர் மூன்று முறை என்று எண்ணும். காரணம், பட்டனுக்குள் இருக்கும் உலோகம் ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லி செகண்டுகள் துள்ளித்தான் அடங்கும். ப்ரோக்ராமில் அந்த நேரம் காத்திருக்கச் சொன்னால் சரியாகிவிடும். திரையில் இருக்கும் ப்ரோக்ராமையும் கையில் இருக்கும் பொருளையும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். யு.எஸ்.பி.யில் வருவது 5 வோல்ட்தான், அது ஷாக் அடிக்காது. ஆனால் வீட்டு மின்சார இணைப்பில் எந்த ஒயரையும் கொண்டுபோய் வைக்காதீர்கள். போர்டில் ஒயர்கள் ஒன்றோடு ஒன்று உரசி ஷார்ட் ஆகாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கம்ப்யூட்டரில் சொருகுங்கள்.

"இவ்வளவு பாடுபடுவதற்கு கடையில் வாங்கினால் மலிவாயிற்றே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போர்டு, பட்டன், ஒயர், ஈயம் என்று கணக்குப் போட்டால் சாதாரண கேம் பேட் மலிவாகவே இருக்கும். பணம் மிச்சமாகும் என்று சொல்லி உங்களை இதில் இழுக்க மாட்டேன். நான் சொல்லும் காரணம் வேறு.

என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை செயலிழந்தது. பேரனோடு கார் ரேஸ் விளையாட அவருக்கு ஆசை. கடையில் விற்கும் கேம் பேட் எல்லாமே இரண்டு கையும் பத்து விரலும் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டவை. பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் மேல் இரண்டு பெரிய பட்டன்களை வைத்துக் கொடுத்தேன், இடம் திரும்ப ஒன்று, வலம் திரும்ப ஒன்று. ஆக்சிலரேட்டருக்குக் காலால் மிதிக்கும் சுவிட்ச். விளையாடிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பட்டனுக்கும் நடுவுல நாலு விரல் இடம் விடுடா, கை தடுமாறுது" என்றார். அன்று இரவே டப்பாவில் புதிதாக ஓட்டை போட்டுத் தள்ளி வைத்தேன். அவர் பேச்சைக் கேட்டு எந்தத் தொழிற்சாலை ஓட்டையை மாற்றிப் போடும்?

பெரிய கம்பெனிகளும் இதைப் பிறகு உணர்ந்தன. 2018-ல் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்புறத்தில், ஹெட்போன் சொருகுவது போன்ற 19 ஜாக்குகள் உள்ளன. அவரவர் உடலுக்கு ஏற்ற சுவிட்சை அவரவர் சொருகிக்கொள்ளலாம். வீட்டில் செய்த சுவிட்சும் அதில் வேலை செய்யும். ஆனால் வந்தபோது அதன் விலையே சுமார் 100 டாலர். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும்?

கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி நம் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்றே நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. நம் கைக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரையும் பழக்கலாம். அதற்கு ஒரு பழைய கீபோர்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். முதலில் ஒரே ஒரு பட்டனில் தொடங்குங்கள். நோட்பேடில் ஓர் எழுத்து விழுந்துவிட்டால், அடுத்து யாருக்கு என்ன செய்து தரலாம் என்று நீங்களே யோசிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.