4 பிக்காச்சு, 56 துணை



பள்ளி விடுமுறை முடிந்தால் போதும், எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு புதுப் பேச்சு கிளம்பிவிடும். சிங்கப்பூரில் இருக்கும் மாமா வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் போய் வந்த பிள்ளைகள், கால்சட்டைப் பையில் நாலைந்து வண்ண அட்டைகளோடு வருவார்கள். கூர்மையான காது, மின்னல் போன்ற வால், மஞ்சள் உடம்பு. அதுதான் கேலிச்சித்திரப் படத்தில் வரும் பிக்காச்சு. "எனக்கும் ஒரு பிக்காச்சுக் கட்டு வேண்டும்" என்று அடுத்த நாளே வீட்டில் அடம் தொடங்கும்.

'சீட்டு' என்று காதில் விழுந்ததும் தாத்தாவின் முகம் மாறிவிடும். சம்பள நாளில் சீட்டாட்டத்தில் போன காசு எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்று அவருக்குத் தெரியும். அவருடைய பயம் நியாயமானது. ஆகவே, இது என்ன ஆட்டம், எந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

என் தங்கை சுவா சூ காங்கில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறாள். அந்த ஊரின் பெயரே தோட்டத்தோடு சேர்ந்த பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரையில் மிளகும் காம்பியரும் பயிரிட்ட சீனக் குடியிருப்பின் தலைவரைக் 'காங்சூ' என்பார்கள். 'சுவா' என்பது குலப்பெயர். இன்று அங்கே தோட்டம் இல்லை. 1990இல் எம்ஆர்டி ரயில் நிலையம் வந்தது. புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசைகள் உண்டு. மாலையில் பிள்ளைகள் இந்த அட்டைகளைப் பரப்பி ஆடுவது அங்கேதான்.

இந்தப் போக்கிமான் அட்டை ஆட்டம் 1996இல் ஜப்பானில் வெளியானது. ஆங்கில அட்டைகள் 1999இல் வந்தன. ஆளுக்கு ஒரு கட்டு. கட்டுக்குச் சரியாக 60 அட்டை. கலைத்து 7 அட்டையைக் கையில் எடுக்க வேண்டும். 6 அட்டையைப் 'பரிசு' என்று கவிழ்த்து வைக்க வேண்டும். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது ஒரு பரிசை எடுக்கலாம். சில பெரிய போக்கிமான்களை வீழ்த்தினால் ஒன்றுக்கு மேலும் கிடைக்கும். ஆறையும் முதலில் எடுத்தவர் வென்றவர்.

தாத்தாவுக்கு ஒன்று சொல்லுங்கள். அந்தப் பரிசு அட்டைகள் அவரவர் கட்டில் இருந்து வைத்தவையே. ஆட்டம் முடிந்ததும் அவரவர் அட்டை அவரவருக்கு. பந்தயம் கிடையாது.

இனி பிக்காச்சுக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. ஒரே பெயருள்ள அட்டையை ஒரு கட்டில் 4க்கு மேல் வைக்க முடியாது. சாதாரண எனர்ஜி அட்டைக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. அதாவது பிள்ளை எவ்வளவு ஆசைப்பட்டாலும் 4 பிக்காச்சுதான். மீதி 56 அட்டையும் துணை.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டினேன். 60இல் ஒரே ஒரு பிக்காச்சு இருந்தால், முதல் 7 அட்டையில் அது வரும் வாய்ப்பு 60இல் 7. நூற்றுக்கு 12கூட இல்லை. நான்கு வைத்தாலும் நூற்றுக்குச் சுமார் 40தான். முதல் கையில் 'அடிப்படைப் போக்கிமான்' ஒன்றுகூட இல்லையென்றால் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. கையைக் காட்டி, மறுபடி கலைத்து எடுக்க வேண்டும். எதிராளிக்குக் கூடுதலாக ஓர் அட்டை எடுக்கும் உரிமை கிடைத்துவிடும். பிக்காச்சு நான்கை மட்டும் நம்பிய பிள்ளைக்கு நூற்றுக்கு 60 தடவை இந்தக் கதிதான்.

வேறு அடிப்படைப் போக்கிமான் 8 சேர்த்துப் பாருங்கள். இந்தத் தொல்லை நூற்றுக்கு 19 தடவையாகக் குறைந்துவிடும். நாயகனை மேடைக்குக் கொண்டுவருவதே பெயர் தெரியாத அந்த எட்டுப் பேர்தான்.

யாரைச் சேர்ப்பது? பெரும்பாலான பிக்காச்சு அட்டைகளுக்குச் 'சண்டை' வகைப் போக்கிமான் முன்னால் பலம் குறைவு. அட்டையின் அடியிலேயே அது அச்சிட்டிருக்கும். பிட்ஜி போன்ற நிறமற்ற வகைப் பறவைகள் பலவற்றுக்கு அதே சண்டை வகையைத் தாங்கும் வலு உண்டு. எந்த எனர்ஜியாலும் அவை தாக்கும். ஆகவே பறவையை முன்னால் நிறுத்தி, பிக்காச்சுவைப் பின்வரிசையில் வைத்து, முறைக்கு ஓர் எனர்ஜியாக ஊட்டி வளர்க்கலாம். வளர்ந்தபின் அதன்மேல் ரைச்சுவை வைக்கலாம்.

முதல் கட்டுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். பிக்காச்சு 4, ரைச்சு 3, மற்ற அடிப்படைப் போக்கிமான் 8, மின்னல் எனர்ஜி 14. மீதி 31 'டிரெயினர்' என்னும் உதவி அட்டைகள். புதிய அட்டை எடுக்கவும், கட்டில் இருந்து வேண்டியதைத் தேடவும், முன்னால் நிற்பவரை மாற்றவும் உதவுபவை இவை. படம் அழகாக இல்லை என்று பிள்ளைகள் ஒதுக்கிப் போடுவது இவற்றைத்தான். கல்மேசையில் பார்த்தேன்: பளபளக்கும் அட்டைகளாகவே அடுக்கிய ஒரு பையன், கையில் எல்லாம் இருந்தும் எதையும் இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த சிறு பெண்ணின் கட்டில் மினுக்கும் அட்டை ஒன்றுகூட இல்லை. ஆறு பரிசையும் அவள் எடுத்தாள்.

சரி, நாம் பயப்பட வேண்டிய இடம் எது? கடையில் விற்கும் மூடிய பொட்டலம். உள்ளே சுமார் 10 அட்டை. எது வரும் என்று தெரியாது. "இந்தப் பொட்டலத்தில் வந்துவிடும்" என்று அடுத்ததையும் அடுத்ததையும் வாங்கச் சொல்லும் ஆசை இருக்கிறதே, தாத்தா பயந்த சூது அதில்தான் ஒளிந்திருக்கிறது. மரம் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் சம்பாதித்த வெள்ளியை அதில் போடாதீர்கள். வேண்டிய அட்டையைத் தனித்தனியாக விற்கும் கடைகள் உண்டு. பலர் தேடாத சாதாரணப் பிக்காச்சும் எனர்ஜியும் அங்கே மலிவு. முதலில் தாளில் 60 பெயரை எழுதச் சொல்லுங்கள். கையில் இருப்பதற்குக் கோடு போடச் சொல்லுங்கள். மீதியை மட்டும், மாதத்துக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டி வாங்குங்கள்.

இன்னொன்று. மாற்றிக்கொள்ளும்போது பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை ஏமாற்றுவது உண்டு. பெரியவர் ஒருவர் முன்னால்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.

பிள்ளைக்குப் பிடித்தது பிக்காச்சு என்றால் இருக்கட்டும். அந்த நான்கு அட்டையைத் தேர்ந்தெடுப்பது ஆசை. மற்ற 56ஐத் தேர்ந்தெடுப்பது அறிவு. பிள்ளை எழுதிய பட்டியலை இன்றிரவு வாங்கிப் பாருங்கள். கூட்டினால் 60 வருகிறதா என்று தாத்தாவே சரிபார்க்கட்டும்.